போகத்தான் சீட் இல்லை

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஊர் ஊராகப் பறந்து லிஃப்ட் பழுதுபார்க்கிறேன் அல்லவா, பறக்கப் பறக்க விமானக் கம்பெனி இலவச டிக்கெட்டுக்காகத் தரும் பாயிண்ட் ஆறு வருடமாகச் சேர்ந்திருக்கிறது. அதில் உங்களைப் பத்து நாள் இங்கே அழைத்துச் சுற்றிக்காட்டலாம் என்று டிக்கெட் ஆபீசுக்குப் போனேன். பாயிண்டுக்காகவே நேர் விமானத்தை விட்டு மூன்று விமானம் மாறிப் போன மடையன் நான்.

கவுண்ட்டரில் இருந்த பெண், "பாயிண்ட்ல இங்க வர்றதுக்கு ரெண்டு சீட் இருக்குங்க. திரும்பிப் போறதுக்குத்தான் இந்த வருஷம் முழுக்க இல்ல" என்றாள்.

"அப்ப வந்தவங்க இங்கயே கெடக்கணுமா?" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசல் வரை தலையில் அடித்துக்கொண்டவன், மறுபடி உள்ளே போய், நீங்கள் இருவரும் இங்கே வரும் டிக்கெட்டை மட்டும் போட்டுவிட்டேன்.

அப்பாவின் பழைய போர்வை ஒன்று எனக்கு வேண்டும். பத்து நாளுக்கு மட்டும் துணி எடுக்க வேண்டாம், கூடுதலாகவே எடுத்துவையுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்