வாங்கு கேட்ட இடத்தில் நாதஸ்வரம்

மழைக்குள் போய் என்னைக் கரையில் தவிக்கவிட்ட என் செல்லத் தம்பிக்கு,

விளக்குக் கொளுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். கும்பிட்டும் கோபம் இறங்கவில்லை. யாரில்? உன் மகள் சுகந்தியில். கொஞ்சம் என்னிலும்.

நீ காடு, கடல் என்று அலைந்து ஃபோனில் பதிந்து வைத்ததையெல்லாம் அவள் இப்போது இசை சேர்த்துப் பிள்ளைகள் கேட்கும் கதைகளாக இணையத்தில் விடுகிறாள். குச்சவெளிக் காட்டுக் கதைக்குப் போட்ட உடுக்கு நல்லாத்தான் இருந்தது. நேற்று, துறைமுகத்துக்குள் உன் படகு நின்றுபோன கதையைப் போட்டுக் காட்டினாள்.

இயந்திரம் நிற்கிறது. மழை கரையை மறைக்கிறது. "ஒரு பக்கமும் தெரியேல்லை" என்கிறாய். உடனே பெரிய நாதஸ்வரம். அடுத்த நிமிடம் நீ கரையில்! எப்படி வந்தாய்?

"எங்கயடி அந்தப் பள்ளிவாசல் வாங்குச் சத்தம்?"

"வாங்குக்கு மேல மியூசிக் போட்டா மரியாதையில்லை மாமி. அதான் வெட்டிப்போட்டன்."

"அப்ப மியூசிக்கை வெட்டன்!"

"சும்மா விட்டா சனம் கேக்கிறதை நிப்பாட்டிப் போடும். நீங்கள்தானே சாமி இசை போடச் சொன்னனீங்கள்?"

ஓம், சொன்னனான்தான். அது எந்த இடத்தில் போய் விழும் என்று நான் கண்டேனா?

இறங்குதுறைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்குக் கூப்பிடும் வாங்கு அது. அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்துத்தானே துடுப்பு வலித்தாய்? நான் முருகனுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். "அக்கா, உங்கட முருகன் இண்டைக்கு வாங்கு சொன்னவர்" என்று சிரித்துக்கொண்டு இறங்கினாய். ஈரத் தலையில் குட்டி, வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த ஏச்சும் பதிவில் கிடக்கிறது. அதைக் கேட்டுத்தான் சனம் சிரிக்குமாம்.

"வாங்கு இல்லையெண்டா என்ர ஏச்சும் இல்லை. அதையும் வெட்டு" என்றேன். அழுதாள். அழட்டும். கதை கேட்கிற பிள்ளை நாளைக்குக் கடலில் வழி தப்பினால் எதற்குக் காது கொடுக்கும்? நாதஸ்வரத்துக்கா?

இன்று காலை திரும்பக் கொண்டுவந்தாள். மழை. உன் மூச்சு. தூரத்தில் வாங்கு. வேறொன்றும் இல்லை. நானும் அவளும் நிப்பாட்டாமல் கடைசிவரை கேட்டோம்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீ கடைசியாய்க் கண் மூடின ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று நானும்தானே தொண்டை கிழியக் கூப்பிட்டேன்? அந்தச் சத்தம் மட்டும் ஏனடா உனக்குக் கேட்கவில்லை?

இனி அவள் இசை சேர்க்க இருக்கும்போதெல்லாம் பக்கத்தில் நான் இருப்பேன். உன் காதில் விழுந்த ஒன்றையும் மூட விடமாட்டேன். இது சத்தியம்.

இறங்குதுறையில் இன்னும் ஏசிக்கொண்டு நிற்கும்
உன் அக்கா