ஒரே சீட்

மார்ச் 9, ஞாயிறு

சாயங்காலம் பெரியப்பா வந்தார். பேத்தி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். என்னிடம் கேட்கவில்லை. எப்போது கேட்டார்கள்? என் சம்பாத்தியத்தில் வாங்கிய பெரிய கார், இவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கே ஓடித் தேய்ந்தது.

கார் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின் சீட் இல்லை, தரைவிரிப்பு இல்லை, ஸ்பீக்கர் இல்லை.

"ஏட்டி, சீட்ட எங்க?"

"கழத்திட்டேன் பெரியப்பா. அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல பந்தயம். எடை குறைஞ்சாத்தான் வண்டி பறக்கும்."

கழற்றியதை எல்லாம் என் வாழைக்காய் மண்டித் தராசில் நானே எடை போட்டேன். எண்பது கிலோ. நேற்று நாற்கரச் சாலையில் மிதித்தபோது, இது என் வண்டிதானா என்றிருந்தது.

"பொம்பளப் பிள்ளைக்கு என்னட்டி பந்தயம்? மாப்பிள்ளை எங்கன உக்காருவாவ?"

அவரே குனிந்து உள்ளே பார்த்தார். முகம் தெளிந்தது.

"முன்னால ஒண்ணு கெடக்குல்லா. அது போதும். கூட வாறவங்க வேற வண்டியில வரட்டும்."

காப்பியைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

அதையும் கழற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கையெல்லாம் கிரீஸ். எத்தனை கிலோ என்று காலையில் மண்டியில் பார்க்க வேண்டும். இப்போது வண்டியில் இருப்பது ஒரே சீட். அதில் நான்தான் உட்காருவேன்.