அப்பா ஜெபவீட்டில் குறட்டை விட்ட கதை

அன்புள்ள மகன் ஒபதியாவுக்கு, ஸ்டோனிபுரூக்கிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கை கெத்தூராள், நான், பசு எல்லாரும் கர்த்தர் கிருபையால் சுகம், பன்றிக்கு மட்டும் வயிறு சரியில்லை. நீ பிரிஸ்டல் பட்டணத்தில் சுகமாயிருக்கிறாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், வேறென்ன செய்வது, உன் கடைசிக் கடிதம் வந்தபோது பூசணி பழுத்துக் கிடந்தது, இப்போது பனி உருகி மறுபடி விதையே போட்டாயிற்று. கப்பலில் ஆணி வருகிறது, வெல்லப்பாகு வருகிறது, என் பிள்ளையின் கையெழுத்து மட்டும் வரவில்லை. அப்பாவிடம் சொன்னால், "கப்பலும் காத்தும் கர்த்தர் கையில இருக்கு, நீ போய் அவரையை அடுப்புல வை, பொழுது சாஞ்சா ஓய்வுநாள் ஆரம்பிச்சிடும், அப்புறம் சமைக்கக் கூடாது" என்கிறார். கல் நெஞ்சுக்காரர் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது ஊரே சிரிக்கிற சங்கதியைக் கேள். தன் பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று குளிர்காலத்தில் அப்பா ஒரு சட்டம் போட்டார் அல்லவா, யார் தூங்கினாலும் அடுத்த ஓய்வுநாளில் சபை முன்னால் நின்று, ஏன் தூங்கினேன் என்று காரணத்தோடு அறிக்கை செய்ய வேண்டும், சபை கை தூக்கி மன்னித்தால்தான் உண்டு. ஒரு முனையில் நரிவாலும் மறுமுனையில் மரக்குமிழும் வைத்த காவல்கோலைப் பிடித்துத் தூங்குகிறவர்களை எழுப்புகிற யாபேஸுக்கு அதிலிருந்து தலைகால் புரியவில்லை, பெண்களை நரிவாலால் மூக்கில் வருடுவான், ஆண்களைக் குமிழால் மண்டையில் தட்டுவான். போன மாதம் பக்கத்து ஊர்ப் போதகர் நம் ஜெபவீட்டில் பிரசங்கிக்க வந்தார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்தார். நேரம் பார்க்கிற மணற்குடுவையை ஒருதரம் திருப்பினார்களோ இல்லையோ, மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் ஜன்னல் வழியாகப் பன்றியைத் தேடினார்கள். பார்த்தால் உன் அப்பா! யாபேஸ் கோலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான், சொந்த ஊர்ப் போதகர் மண்டையிலேயே குமிழால் தட்ட அவனுக்குக் கை வரவில்லை, யோசித்து யோசித்துக் கடைசியில் நரிவாலால் வருடினான். அப்பா தும்மிய தும்மலில் முன்வரிசைத் தொப்பி ஒன்று பறந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. நீண்ட பிரசங்கம் பிடிக்காதவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். சபை கை தூக்காவிட்டால் வேறு போதகரைப் பார்த்துக்கொள்வார்கள், ஊர் கொடுத்த வீட்டை விட்டு நாங்கள் இறங்க வேண்டியதுதான். "ரெண்டே வார்த்தையில மன்னிப்புக் கேட்டுட்டு உக்காருங்க" என்று கெஞ்சினேன். "அறிக்கைன்னா அறிக்கையா இருக்கணும் மெஹித்தபெல்" என்று சொல்லிவிட்டு, தன் தப்புக்கே முதலாவது, இரண்டாவது என்று தலைப்புப் போட உட்கார்ந்தார் மனிதர்.

ஓய்வுநாள் வந்தது. ஆதாமின் தூக்கத்தில் ஆரம்பித்தார். வேதத்தில் யார் யார் எங்கே தூங்கினார்களோ அத்தனை பேரையும் ஒவ்வொருவராக எழுப்பினார். அவர் அவர்களை எழுப்ப எழுப்ப, இங்கே சபை ஒவ்வொருவராகச் சாய்ந்தது. மூப்பர்கள் சாய்ந்தார்கள், கெத்தூராள் என் தோளில் விழுந்தாள், யாபேஸே தன் கோலைக் கட்டிப்பிடித்து, நரிவால் மூக்கில் ஆட ஆட, கொர்ரென்று. நான் மட்டும் பயத்தில் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தேன். அப்பா கண்ணாடி இல்லாமல் தாளை மூக்கோடு ஒட்டிப் படித்துக்கொண்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை. கடைசியில் காரணத்துக்கு வந்தார், குரல் இறங்கியது. "என் மகன்கிட்டேயிருந்து எழுத்து வரல. ராத்திரி கடல்காத்து அடிச்சா எனக்குத் தூக்கம் போயிடுது, அவன் இருக்கானா இல்லையான்னே தெரியல. கர்த்தர் சித்தம்னு உங்களுக்கெல்லாம் சொல்றேன், எனக்கு நானே சொல்லிக்க முடியல" என்றார். ஒபதியா, கல் நெஞ்சு என்று இவரையா சொன்னேன்.

அப்புறம் "ஆமென்" என்று மேடையில் ஒரு அறை அறைந்தார் பார், சபை மொத்தமும் துள்ளி எழுந்தது. மன்னிக்கிறீர்களா என்று மூப்பர் கேட்டதுதான் தாமதம், எல்லாக் கையும் மேலே. கேட்கவில்லை என்று சொன்னால் தான் தூங்கியது தெரிந்துவிடுமே! யாபேஸ் கோலையும் சேர்த்துத் தூக்கினான். வாசலில் அவன் பெண்டாட்டி, "கடைசியில சொன்னீங்களே போதகரையா, அது மனசை உருக்கிடுச்சு" என்றாள். எது என்று அப்பா கேட்க, "எல்லாந்தான்" என்று ஓடிப்போனாள்.

வரும் வழியில் அப்பா என்னைப் பார்க்காமலே, "நீயாவது கடைசி வரைக்கும் கேட்டியா?" என்றார். காது நுனி சிவந்திருந்தது. "இல்லீங்க, நானும் கண்ணயர்ந்துட்டேன்" என்றேன். மனிதருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆக, வீடு தப்பித்தது, நான் ஒரு பொய்க்காரி ஆனேன்.

கம்பளிக் காலுறையைக் கழற்றாதே, பட்டணத்துக்காரர்கள் மாதிரி முடியை வளர்த்துவிடாதே, அப்பாவிடம் அதற்கும் ஒரு பிரசங்கம் தயாராக இருக்கிறது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்று மறந்துவிடாதே, அடுத்த கப்பலிலேயே எழுது, எனக்கு வேண்டாம், அவர் பெயருக்கு எழுது. நான் சொல்லித்தான் எழுதினாய் என்று ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது, நான் தூங்கிக்கொண்டல்லவா இருந்தேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மெஹித்தபெல்