கட்டில் எந்தக் கவுண்டியில் கிடக்கிறது

பிளம் கிரீக், ஜார்ஜியா

அன்பு மகள் ஜுனெட்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம், அலாஸ்கா பனியில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்தால் வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுக்காதே. இந்த வருடம் பீக்கன் கொட்டை நன்றாகக் காய்த்திருக்கிறது, உடைத்து அனுப்புகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஹார்லோ கவுண்டிக்கும் டாப்ஸ் கவுண்டிக்கும் நடுவே எல்லையைப் புதிதாக அளந்தார்கள். ஓடைதான் எல்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தோமே, இல்லையாம், எல்லைக் கோடு நம் வீட்டுக்குள் நடைவழியிலேயே போகிறதாம். அடுப்படியும் உன் அறையும் ஹார்லோ, முன்னறை டாப்ஸ். அளந்தவர் தரையில் ஆரஞ்சு நாடா ஒட்டிவிட்டுப் போனார், நான் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நின்று பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் வரிக்குத் தெரியுமாம். சொந்த வீட்டில் தாங்களே குடியிருப்பவர்கள் வரித் தள்ளுபடியை ஏதாவது ஒரு கவுண்டியில்தான் கேட்க முடியும். ஹார்லோவில் எங்கள் வயதுக்காரர்களுக்குப் பள்ளி வரியே கிடையாது, டாப்ஸில் அந்தச் சலுகை இல்லை, அந்தப் பக்கம் போய்விட்டால் அப்பாவின் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகாது, வீட்டை விற்கத்தான் வேண்டும். எந்தக் கவுண்டி என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்று ஹார்லோ வரி அலுவலகத்து மிஸஸ் ப்ரூயிட்டிடம் கேட்டேன். வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் தூங்குகிற இடம் என்றார். சமைக்கிற இடம் கணக்கில்லையா என்றேன், இல்லையாம். சாப்பிடுகிற இடம், அதுவும் இல்லையாம். நாள் முழுக்க விழித்திருக்கிற இடத்தை விட்டுவிட்டு, கண்ணை மூடிக் கிடக்கிற இடத்தை வீடு என்று சொல்ல எவருக்குத் தோன்றியதோ, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

வீடு அப்பா பேரில், அப்பா படுப்பது முன்னறையில். நீ நர்சிங் படிக்கப் போனதும் அவருடைய குறட்டைக்குப் பயந்து நான் உன் அறைக்கு வந்தவள்தானே, அப்படியே தங்கிவிட்டேன். உன் சித்தப்பா லூஷியஸ் வந்து யோசனை சொன்னான். "அண்ணி, பேப்பர்ல பிரிஞ்சிடுங்க, ஆளுக்கொரு கவுண்டி, ஆளுக்கொரு தள்ளுபடி. இப்பவே பாதி விவாகரத்து ஆன மாதிரிதான இருக்கீங்க" என்றான். அன்றைக்கு அவனுக்கு நான் சுட்ட பீச் பழப் பை கிடைக்கவில்லை. அப்பா உன் அறையில்தான் தூங்குவதாகச் சும்மா சொல்லிவிடலாம் என்றும் சொன்னான், ஆனால் நாங்கள் இருவருமே ஆணையிட்டுச் சொல்ல வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்து உள்ளே அனுப்புகிறவள் நான், என்னால் முடியாது. கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்திவிடலாமே என்று அப்பாவிடம் சொன்னேன். இரும்புக் கட்டில் கதவில் நுழையாது என்றார். கட்டில்தான் நுழையாதா, இவருக்கே வர இஷ்டமில்லையா என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வீடு போய்விடுமோ என்ற பயத்தைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மிஸஸ் ப்ரூயிட் நேரில் வந்து நம் அடுப்படியில் உட்கார்ந்து, மிஸ்டர் கிளியோஃபஸ் நீங்கள் தூங்குவது எங்கே என்று கேட்டார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"முன்னறையிலதான் மேடம். இவ எழுந்து போனதுலேருந்து அங்க தனியாத்தான் தூங்குறேன். திரும்பக் கூப்பிட்டா இன்னைக்கே வந்துடுவேன். இதுவரைக்கும் கூப்பிடல."

அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவிடம் "தலையணைய எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். கட்டில் நுழையாவிட்டால் என்ன, ஆள் நுழைந்தார். மறு வாரம் மிஸஸ் ப்ரூயிட் திரும்ப வந்து பார்த்து ஹார்லோ என்று எழுதிக்கொண்டு போனார், வீடு தப்பியது. உன் கட்டில் ஒடுக்கம், சமாளிக்கிறோம். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தால் உனக்கு முன்னறைதான், சாப்பாடு ஹார்லோவில், தூக்கம் டாப்ஸில்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். அப்பா குறட்டையே விடுவதில்லை. முதல் நாள் விழித்துக் காத்துக்கொண்டிருந்தேன், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சர்க்கரை வியாதியில் உடம்பு இளைத்தாரே, அதில் நின்றிருக்கும். எப்போது நின்றது என்று கேட்டேன். "தனியாத் தூங்குறவனுக்கு அது எப்படித் தெரியும், வெர்லீன்?" என்றார். திரும்பிப் படுத்து அழுதேன் மகளே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளிக் காலுறை போட மறக்காதே. ஞாயிறன்று போன் செய், அப்பாவிடமும் பேசு.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா
வெர்லீன்