பதினாறாம் தேதி சேர்ந்தவள்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கறாருக்கு,

நீயும் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய் வருகிறார். மறுபடி லாரி ஓட்டுவதைப் பற்றி டாக்டர் பேச்சே எடுப்பதில்லை. மகள் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்கிறாள். புத்தகம் திறந்திருக்கிறது, அதுவரைக்கும் உண்மை.

போனில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதோடு, இதில் வைத்திருக்கும் இரண்டு காகிதங்கள் எப்படியும் உன் கைக்கு வந்தாக வேண்டும். நாளை மறுநாள் கிடைத்துவிடும் என்று கூரியர்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன். வேலை நீக்க ஆணையை நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய நாளிலிருந்து முப்பது நாள். அது வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மாலை ஐந்து மணிக்குள் உன் மேல்முறையீட்டு மனு தலைமை அலுவலகத்தில் இருக்க வேண்டும். தபாலில் போட்ட தேதி செல்லாது, அவர்கள் முத்திரை குத்தும் தேதிதான் கணக்கு. நேரில் கொண்டுபோய்க் கொடு.

“எதைச் சொல்லி மனு போடறது? கடைசியா சேர்ந்தவங்களைத்தானே வேலையை விட்டு எடுத்திருக்காங்க” என்று கிளம்புகிற அன்று கேட்டாய். நான் உன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதே எனக்குப் பதில் தெரியும்.

பணிமூப்புப் பட்டியலில் நீ ஒன்பதாம் தேதி சேர்ந்ததாக இருக்கிறது. அது சரி. நான் அதே மாதம் ஆறாம் தேதி சேர்ந்ததாக இருக்கிறது. நான் சேர்ந்தது பதினாறாம் தேதி. தட்டச்சு செய்தவர் 16-இல் முன்னால் இருந்த 1-ஐ விட்டுவிட்டார். அதனால் நான் உனக்கு மூத்தவளாகிவிட்டேன். ஆட்குறைப்பு என்று நம் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் ஏழு பேரில் கடைசியாக வந்தவரை நீக்கச் சொன்னார்கள். நான் போயிருக்க வேண்டிய இடத்தில் நீ போனாய்.

முதல் நாள் எனக்கு மேல்கோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டியதே நீதான். “பாட்டில் மூடியைக் கீழ வெச்சா, மறுபடி போய்த் தண்ணி பிடிச்சிட்டு வரச் சொல்வேன்” என்று என்னைவிட எட்டு வயது சின்னவள் அதட்டினாய். ஒரு வாரம் முன்னால் வந்துவிட்ட மிதப்பு. அதை நான் மறக்க வழியே இல்லை. அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டிய அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு, என் மேசைக்கு வந்து மாதிரிகளுக்கு எண் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு மாதமாகச் சும்மா இருந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். ஆபீஸ் செய்த தப்பை நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று தலைமை எழுத்தர் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து, “விவரமெல்லாம் சரின்னு ஒரு கையெழுத்துப் போடும்மா, ஃபைலை மூடிடலாம்” என்றார். பேனாவைத் திறந்துவிட்டேன். அதுவரை அது ஆபீஸின் தப்பு, கையெழுத்து விழுந்தால் என் பொய். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இத்துடன் இருப்பது என் பணிப்பதிவேட்டின் முதல் பக்க நகல். தேதி தெளிவாகத் தெரிகிறது. இன்னொன்று, பதினாறாம் தேதிதான் சேர்ந்தேன் என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்தது. இரண்டையும் மனுவோடு இணைத்துவிடு.

வீட்டுக்காரரிடம் நேற்று சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு, “அந்தப் பொண்ணுக்கு இன்னும் நாள் இருக்கா?” என்று கேட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

என்னை நினைத்து இதை இழுப்பறையில் போட்டு வைத்துவிடாதே. மாதிரித் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தால்கூட ஒப்புக்கொள்ள மாட்டாய் என்றுதானே உனக்கு இந்தப் பெயர் வைத்தோம். வெள்ளிக்கிழமை, ஐந்து மணி. நன்றாக இரு.

உன் அக்கா

*

சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மனுவைக் கொடுத்துவிட்டேன். முத்திரை விழும்போது மணி நாலு நாற்பது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை மதியமே வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மாதம் அக்கா. இங்கே அண்ணன் பிள்ளைகளின் அறையில், அவர்கள் பள்ளிக்கூடப் பைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, நான் எங்கே தப்புச் செய்தேன் என்று யோசித்த மாதம். பிறகு மாமா சுவரைப் பிடித்து நடப்பது கண்ணில் வந்தது. மனுவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மதியம் வரை அதே முடிவுதான். அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “நீ போடாம விட்டா, அவங்க தினம் அந்த ஆபீசுக்குள்ள எப்படிம்மா கால் வைப்பாங்க?” என்று கேட்டார். உட்கார்ந்து மனுவை எழுதினேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மனு வாங்கிய அதிகாரி நீங்கள் கைப்பட எழுதியதை இரண்டு தரம் படித்தார். “இதை எழுதினவங்களுக்கே வேலை போயிடும், தெரியுமில்ல?” என்றார். தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அதற்கப்புறம் அவர் முத்திரையைக் கொஞ்சம் மெதுவாகத்தான் குத்தினார்.

மனுவின் கடைசியில் நானாக ஒரு பத்தி சேர்த்தேன். மாதிரி வாங்கும் பிரிவில் ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது, பிழை ஆபீசுடையது என்பதால் இருவரையும் வைத்துக்கொள்ளப் பார்க்க வேண்டும் என்று. கொடுப்பார்களா, தெரியாது. கேட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் விசாரணை. உங்களையும் கூப்பிடுவார்கள். நம் இருவருக்கும் எதிரெதிரே நாற்காலி போடுவார்களாம். போடட்டும். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலமே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். வராதே என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் கறார்