பல்லில் கம்பி, உதட்டில் ட்ரம்பெட்

என்னாங்க,

கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டே இருந்ததால் இன்று மதியம் பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கதவைத் தள்ளியதும் கிராம்பு எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை வந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், "போங்கம்மா உள்ள" என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனேன்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பல்லுக்குப் புதிதாகக் கம்பி மாட்டியிருந்தார்கள். உதட்டை மூடவும் தெரியாமல் திறந்து வைக்கவும் தெரியாமல், கைக்குட்டையை வாயில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். "இது எத்தினி நாளைக்கிக்கா இப்பிடியே இருக்கும்?" என்று என்னைக் கேட்டாள். "மொத நாலஞ்சு நாளு கஷ்டமா இருக்கும். அப்புறம் வாய் பழகிக்கும்" என்றேன். "உங்களுக்கும் போட்டாங்களா?" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு" என்று சொல்லி, உங்கள் கதை முழுவதையும் சொன்னேன். என் பெயரைக் கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் போன பிறகு, உங்களைப் பற்றி இன்னொருவரிடம் குரல் உடையாமல் பேசியது இன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் உங்களிடமே ஒரு தரம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. உங்களுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மில் வேலை போய், சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்தால் அந்துவான் மாஸ்டரின் பேண்டு செட்டில் ட்ரம்பெட். வாரம் முழுக்க அரியாங்குப்பம் வீட்டில் நான் பார்த்த மனுஷர் வேறு, சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்று ஊதுகிற மனுஷர் வேறு. உங்கள் மேல்வரிசை முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதில் ஒன்றின் ஓரம் உதட்டைக் குத்திக் குத்தி, உள்பக்கம் தழும்பே விழுந்திருந்தது. கல்யாணத்துக்கு ஊதிவிட்டு வந்தால் உப்புத் தண்ணீர் கேட்பீர்கள். அது அப்படித்தான் என்று இரண்டு பேருமே இருந்துவிட்டோம்.

ஈறில் ரத்தம் வருகிறது என்றுதான் முதலில் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பல்லு வரிசை தப்பி இருக்கறதால ஈறு கெட்டுப்போயிருக்கு. இதுல ஒண்ணு லேசா ஆடுது. இப்பிடியே விட்டா முன்பல்லு நிக்காதுங்க."

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "பல்லு போச்சின்னா ட்ரம்பெட் ஊத முடியுமா?"

"கட்டுப்பல்லு வெச்சிக்கிட்டு ஊதறது ரொம்பக் கஷ்டம்."

"கம்பி போட்டா?"

"அதுவும் கஷ்டம்தான். ஆனா அது கொஞ்ச காலத்துக்கு."

அங்கேயே சரி என்று தலையை ஆட்டிவிட்டீர்கள். எனக்குத்தான் ஆறவில்லை. எலும்பு முற்றிப்போன வயதில் பல் எப்படி அசையும் என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பல்லு எலும்புல ஆணி மாதிரி அடிச்சி வெச்சதில்லம்மா. மெதுவா அழுத்தம் குடுத்துக்கிட்டே இருந்தா, அழுத்தற பக்கம் எலும்பு கரையும், விட்ட பக்கம் புதுசா வளரும். பத்து வயசுலயும் அப்பிடித்தான், அம்பது வயசுலயும் அப்பிடித்தான். அம்பதுல கொஞ்சம் மெதுவா நடக்கும்" என்றார். பஸ்ஸில் வரும்போது என் தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல் என்று நினைத்திருந்த ஒன்று உள்ளே உயிரோடு இருப்பதாக யாரோ சொன்னதுபோல் இருந்தது.

ஈறு வைத்தியம் முடிந்து, கம்பி மாட்டிய அன்று மத்தியானம் ராஜா மாதிரிதான் வந்தீர்கள். "ஒண்ணுமே தெரியல. சும்மா பயமுறுத்தியிருக்காங்க" என்றீர்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பித்தது. தாடை முழுவதும் ஒரு கனம், காது வரைக்கும் இழுக்கிறது என்றீர்கள். மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக் கடித்தவர், அப்படியே கண்ணை மூடிக்கொண்டீர்கள். பஞ்சு போன்ற இட்லி அது. கம்பி முனை கன்னத்தில் உரசி உள்ளே புண். 'ச' என்று சொன்னால் காற்றுத்தான் வந்தது. எச்சில் ஊறி ஊறி, பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை விழுங்க வேண்டியிருந்தது. உங்கள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "புள்ளைக்குப் போட வேண்டியத அப்பன் போட்டுக்கினு உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் ஓடினான். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்ததும் உதடு கம்பியில் மாட்டிக்கொண்டது.

அந்த வாரம் நம் வீட்டில் கடிக்கிற சாப்பாடே இல்லை. ரசம் சாதத்தைக் குழைத்தேன். கேழ்வரகுக் கூழை ஆறவைத்து மோர் ஊற்றிக் கொடுத்தேன். உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் சாப்பாட்டுக்குச் சாப்பாடு கொப்பளித்தீர்கள். டாக்டரம்மா கொடுத்த வெள்ளை மெழுகைக் கடுகளவு கிள்ளி, விரலில் உருட்டி, குத்துகிற இடத்தில் ஒட்டிக்கொள்வீர்கள். கண்ணாடி முன்னால் நின்று அதைச் செய்யும்போது உங்கள் தடித்த விரல்களுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். வலி மாத்திரை இருந்தது. ரொம்ப முடியாதபோது மட்டும் போட்டுக்கொண்டீர்கள்.

"வலிக்குதா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "நகருது."

முதலில் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, நீங்கள் நிஜமாகவே அப்படித்தான் அதைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள். வலியோடு சண்டைக்குப் போகவில்லை. உள்ளே வேலை நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு வாரம் ட்ரம்பெட்டைத் தொடக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. அந்த வாரம் முடிவதற்குள்தான் சொல்தா ஐயா இறந்துபோனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்களே, அப்படி நம் தெருவுக்கு அவர் ஒருவர்தான். நீங்கள் சாயங்காலம் ஊதிப் பழகும்போது நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்பார். பட்டாளத்துக்காரரைப் புதைக்கும்போது ஊதுகிற ஒரு சின்ன இசை உண்டு. அதை நீங்கள்தான் ஊத வேண்டும் என்று நம் வீட்டுக்கே வந்து கேட்டிருந்தார். "டேப்புல போட்டுட்டுப் போயிடக் கூடாது முசே. ஆளு நின்னு ஊதணும்" என்றார், யாரையும் பிரெஞ்சில் 'முசே' என்று மரியாதையாகவே கூப்பிடுகிறவர். சரி என்று கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நான் காபி கொண்டுவந்து வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

காலையில் சேதி வந்த கொஞ்ச நேரத்தில் அந்துவான் மாஸ்டரும் வந்துவிட்டார். உங்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "வேணாம்ப்பா. வில்லியனூர்ல ஒருத்தன் இருக்கான், நல்லா ஊதுவான். சாயங்காலத்துக்கு வரச் சொல்றேன்" என்றார்.

"அவரு கேட்டது என்னை, மாஸ்டர்."

"கம்பிமேல வெச்சி அழுத்தினா உதடு கிழிஞ்சிடும்."

"அழுத்தாம ஊதிப் பாக்கறேன்."

"ட்ரம்பெட்ட எவன்டா அழுத்தாம ஊதறான்?" என்றார் மாஸ்டர். ஆனால் போகவில்லை. துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கொல்லையில் நடந்ததை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் தடவை வெறும் காற்று. இரண்டாவது தடவை ஒரு கரகரப்பு. அதோடு ட்ரம்பெட்டை இறக்கிவிட்டு உதட்டைத் துடைத்தீர்கள், துண்டில் ரத்தம். நான் வெளியே வந்து, "போதும். அவரு புரிஞ்சிப்பாரு" என்றேன். செத்துப்போனவரைப் பற்றி அப்படிச் சொல்கிறோமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், கோபம் இல்லை. "கொஞ்சம் இரு" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு மெழுகு முழுவதையும் எடுத்து, முன்வரிசைக் கம்பியை மூடி ஒரு சின்னச் சுவர் மாதிரி ஒட்டினீர்கள். ட்ரம்பெட்டைக் கெட்டியாகப் பிடிக்காமல், விரித்த இடது உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்துக்கொண்டீர்கள். அப்படி வைத்தால் உதட்டில் அழுத்த நினைத்தாலும் அழுத்த முடியாது. மூச்சை வயிற்றிலிருந்து எடுத்தீர்கள், விலா விரிவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஒரு கீழ்ச்சுரம் வந்தது. ரொம்ப மெல்லியதாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் சுத்தமாக.

அது உங்கள் பழைய சத்தம் இல்லை. இத்தனை வருஷம் நான் கேட்டது, தெருவையே எழுப்புகிற சத்தம். இது பக்கத்தில் வந்து நின்று பேசுவதுபோல் இருந்தது. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "மேல போவாத. எல்லாத்தையும் கீழ எறக்கிப் புடி" என்றார். திரும்பத் திரும்ப ஊதினீர்கள். கொஞ்சம் ஊதுவது, நிறுத்துவது, ஐஸ் தண்ணீரை வாயில் வைத்திருப்பது, மறுபடி ஊதுவது. தழும்பேறிய வாய் ஒன்று, தான் பழகியிருந்த அத்தனையையும் மறந்துவிட்டு, முதலிலிருந்து கற்றுக்கொண்டதை அன்று காலை நான் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். பெட்டிமேல் பிரெஞ்சுக் கொடி போர்த்தியிருந்தது. மற்ற ஊர்களிலிருந்து வந்திருந்த வயசான சொல்தாக்கள் மெடல் குத்திய கோட்டுடன் வரிசையாக நின்றார்கள். சாமியார் ஜெபம் முடித்ததும் மாஸ்டர் உங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பெண்கள் பக்கம் நின்று, முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஊதினீர்கள். காலையில் நடுங்கிய சுரம் இப்போது நடுங்கவில்லை. கீழேயே, மெதுவாக, ஒவ்வொன்றையும் முழுசாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனீர்கள். கடைசிச் சுரத்தை நீட்டினீர்கள். அது எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் நின்றதா, நாங்கள் கேட்பது நின்றதா என்று சொல்ல முடியாதபடி காற்றோடு போய்விட்டது. உங்களோடு அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள், அன்றைக்கு உங்களை யாரோ ஒரு பெரிய மனுஷரைப் பார்ப்பதுபோல் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அப்புறம் சொல்தா ஐயாவின் சம்சாரம், நாம் மதாம் என்று கூப்பிடுகிறவர், நேராக உங்களிடம் வந்தார். இரண்டு கையாலும் உங்கள் கன்னத்தை அழுந்தப் பிடித்து, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, இந்தக் கன்னத்தில் ஒன்று அந்தக் கன்னத்தில் ஒன்று முத்தம் கொடுத்தார். உள்ளே கம்பி எங்கெங்கே குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வீட்டுக்கு வந்துதான், "ஊதினதவிட மதாம் குடுத்ததுதான் வலி" என்றீர்கள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா, கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருந்ததில் ஒன்று கழன்றிருப்பதைப் பார்த்துத் திட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கழன்றதைத் திரும்ப ஒட்டினார். பிறகு மெழுகு டப்பா இன்னொன்றை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டார்.

இரண்டு வருஷம் ஆனது கம்பி கழற்ற. ஆடிய பல் நின்றுவிட்டது. அதன் பிறகும் நீங்கள் அழுத்தி ஊதவில்லை. உங்கள் மெல்லிய சத்தத்துக்காகவே ஆட்கள் மாஸ்டரிடம் கேட்டு வந்தார்கள். இன்னும் பல வருஷம் கேட்டிருக்கலாம். ஒரு சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதோடு சரி.

நீங்கள் போன பிறகு எனக்கு லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் கேன்டீனில் வேலை கிடைத்தது. பஸ் நேரம் ஒத்துவரவில்லை. பிள்ளை ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். சைக்கிள்கூட ஏறியிராதவள் நான். முதல் வாரம் மணிக்கட்டு இரண்டும் வீங்கி, இடுப்பைத் திருப்ப முடியவில்லை. "வேணாம்மா, விட்டுடு. இந்த வயசுல எதுக்கு?" என்றான். நாளைக்கும் வண்டியை எடு என்றேன் அவனிடம். இந்த உடம்பு முடிந்துபோன ஒன்று இல்லை, பொறுமையாகக் கேட்டால் எந்த வயதிலும் வழிவிடும் என்பதை நான் எதிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது தினமும் வண்டியில்தான் போகிறேன். இன்று காலை ஆற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று பலமாக இருந்தது. கையை இறுக்காமல், வண்டியை அதன் போக்கில் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.