அவன் ரத்தத்தில் என் பங்கு

ஆஸ்பத்திரி, ஹோபார்ட்,
20 ஏப்ரல் 1974

அன்புள்ள நெவில்,

நான் நலம். பையனும் நலம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், நம்மோடு ஒரே போன் லைனைப் பங்கிடும் ஐந்து வீடும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது எதைச் சொல்ல?

நேற்று அவன் குதிகாலில் குத்தி இரண்டாம் தடவை ரத்தம் எடுத்தார்கள். புதன்கிழமை முடிவு வரும். பிறந்த அன்று பார்த்ததில், குட்டிகளைக் குறையாக விழவைத்து என்னையும் தொற்றிய அந்த ஆட்டு நோய்க்கான எதிர்ப்புப் பொருள் என் ரத்தத்தில் எவ்வளவோ அவனிடமும் அவ்வளவே இருந்ததாம். டாக்டர் சொன்னது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நர்ஸ் குவென் நம்மைப் போல ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். "செத்த குட்டியோட தோலை உரிச்சு அனாதைக் குட்டிக்குப் போத்துவோம்ல, தாய் ஆடு சேத்துக்கணும்னு? நாலு நாள்ல கழட்டிடுவோம். அந்த மாதிரிதான். இவன் ரத்தத்துல இருக்கிறது நீ போத்தினதுன்னா மாசா மாசம் பாதியாக் குறையும். குறையாம ஏறிச்சுன்னா இவனே உண்டாக்கினது. வயித்துலயே தொத்திடுச்சுன்னு அர்த்தம். கண்ணு, மூளை எல்லாத்தையும் பாக்கணும்" என்றாள்.

தோல் என்றதும் எனக்கு நம் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. போன ஆகஸ்டில் குறையாக விழுந்த குட்டிகளை வெறுங்கையால் உரித்தவள் நான்தானே. நீ கேட்டாய், செய்தேன். கர்ப்பம் என்று மூன்று மாதம் ஆகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கத்தை உன்னிடமே கடைப்பிடித்த மடைச்சி நான். அதற்கு முந்தின வருஷம் கரு கலைந்தபோது உன் முகம் போன போக்கைப் பார்த்தவள், எப்படிச் சொல்வேன்? கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தபோதும் ஜலதோஷம் என்றேன்.

தப்பெல்லாம் உன்னுடையது என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரமாக இந்தப் பக்கமே வராமல் இருக்கிறாய். "பெட்டை ஆடுங்களோட கடா விடுற நேரம், அவனால நகர முடியல" என்று உன் தம்பி வந்து சொன்னான். பாவம், அவனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

தொட்டிலில் இன்னும் 'ஆண் குழந்தை' என்றுதான் அட்டை தொங்குகிறது. அடுப்பங்கரையில் வைத்துப் புட்டிப்பால் கொடுக்கும் குட்டிக்கு நீ பெயர் வைக்க விடமாட்டாய். "பொழைக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பாய். இவன் குட்டி இல்லை, நெவில். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அளவு ஏறினாலும் இறங்கினாலும் இவன் நம் வீட்டுக்குத்தான் வரப்போகிறான்.

காலையில் ரோட்டில் பனி இறங்கியிருக்கும். கடவுள் துணையிருக்க, மெதுவாக ஓட்டி வா. செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்னால் இவனை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடு.

உன்
லொரேன்